ஸ்டாம்ப் அடித்து அடுக்கும் படம்: ஐந்து அடுக்கு வைத்தும் தட்டையாகவே தெரிகிறதே, ஏன்?

பனித்துளி:

வணக்கம். ரப்பர் ஸ்டாம்பில் ஒரே படத்தைப் பல தடவை அடித்து, வண்ணம் தீட்டி, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தி ஒட்டுகிற வேலையில் இறங்கியிருக்கிறேன். கிளைமேல் ஒரு குருவி, பக்கத்தில் மூன்று பூ, நாலைந்து இலை. இதுதான் ஸ்டாம்ப். உள்ளங்கை அகலம் இருக்கும்.

ஐந்து பிரதி அடித்தேன். முதல் பிரதி முழுசாக அடித்தளம். இரண்டாவதில் பின்னால் இருக்கும் இலைகளை விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். மூன்றாவதில் கிளையையும் விட்டேன். நான்காவதில் குருவியும் பூவும். ஐந்தாவதில் இறக்கையும் பூவின் நடுவும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 மி.மீ. ஃபோம் டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை நாடா. எல்லாம் நேராக, சுத்தமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் குருவி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றவில்லை. குருவிப் படம் போட்ட அட்டைகளை அடுக்கி வைத்ததாகத்தான் தோன்றுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது.

இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்தால் சரியாகுமா? அப்புறம், ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டும்போது கறுப்புக் கோடு கலங்கி மஞ்சள் வயிறு அழுக்காகிவிட்டது. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


கத்தரிமுனை:

சேர்க்காதீர்கள். ஏழு அடுக்கு வைத்தால் ஏழு படி தெரியும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்திருப்பது பிரமிடு முறை. ஒரே படம், ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே போகும், எல்லாத் துண்டும் தட்டை, எல்லா இடைவெளியும் ஒரே அளவு. அது ஒரு தனி வகை, தவறில்லை. ஆனால் உங்கள் மனதில் இருப்பது பேப்பர் டோல், அதாவது துண்டுகளை வளைத்து வடிவம் கொடுத்து அடுக்கும் முறை. அதில் ஆழம் வருவது அடுக்கின் எண்ணிக்கையால் இல்லை, தாள் வளைவதால். தட்டையாக ஒட்டிய எந்தத் துண்டும் தட்டையாகத்தான் தெரியும், அதை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் சரி.

முதலில் கத்தரியை எடுக்காமல் படத்தைப் பாருங்கள். எது கண்ணுக்குக் கிட்டே இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது? உங்கள் குருவியில் தூரத்து இறக்கை, பின்னிலைகள், கால்கள் எல்லாம் அடித்தளத்திலேயே இருக்கட்டும். கால் மாதிரி மெல்லிய கோடுகளை வெட்டி உயர்த்தவே கூடாது. அடித்தளத்தில் அச்சாக இருந்தாலே போதும், மேலே வரும் உடல் அதன் நுனியை மறைத்துக்கொள்ளும். அடுத்து கிளை. அதற்கு மேல் குருவியின் உடல் முழுதும், தலையும் அலகும் வாலும் சேர்த்து ஒரே துண்டு. அதற்கு மேல் கிட்டத்து இறக்கை மட்டும். இவ்வளவுதான் குருவி. பூவுக்கு வெளி இதழ்கள் ஒரு துண்டு, உள் இதழ்கள் ஒரு துண்டு, நடுமொட்டு ஒன்று.

கவனியுங்கள், இதற்கு ஐந்து பிரதி தேவைப்படாது. ஒன்றையொன்று தொடாத துண்டுகளை ஒரே பிரதியிலிருந்து வெட்டலாம். இறக்கையும் பூவின் உள் இதழும் ஒரே தாளில் கிடைக்கும். நான்கு பிரதி போதும். கை தவறினால் எடுத்துக்கொள்ள ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

வெட்டும்போது ஒரு விஷயம். மேலே வேறு துண்டு வந்து மூடப்போகிற பக்கத்தில் கோட்டை ஒட்டி வெட்டாதீர்கள். 2, 3 மி.மீ. தாளைக் கூடுதலாக விடுங்கள். கிளைத் துண்டில் குருவியின் வயிறு மறைக்கிற இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டால், சாய்த்துப் பார்க்கும்போது அந்த ஓட்டை தெரியும். கூடுதல் தாள் இருந்தால் கண் அதைக் கிளையின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும்.


மைவிரல்:

கோடு கலங்கியதற்கு நான் பதில் சொல்கிறேன், அது என் பேட்டை.

என்ன மை என்று சொல்லவில்லையே பனித்துளி? பொதுவாக ஒரே விதிதான்: மையைக் கரைக்கும் திரவம் எதுவோ அதே திரவத்தில் ஓடும் வண்ணத்தை மேலே பூசக் கூடாது. ஆல்கஹால் மார்க்கர் பூசப்போகிறீர்கள் என்றால் சால்வெண்ட் மை (தண்ணீர் அல்லாத கரைப்பானில் செய்த மை) ஆகாது. ஸ்டேஸ்ஆன் போன்றவை கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் பிடிக்கும், தண்ணீருக்கு அசையாது. ஆனால் ஆல்கஹால் மார்க்கர் பட்டால் கோடு கரைந்து பரவும். மார்க்கருக்கு மெமெண்டோ மாதிரி நீர் அடிப்படையிலான டை மைதான் (சாயம் கரைந்த மை) சரி. அடித்ததும் சில நிமிடம் விட்டுவிட்டுத் தீட்டுங்கள். தூரிகையும் தண்ணீருமாக வேலை செய்பவர்களுக்கு நேர் எதிர்: சாதாரண டை மை ஓடிவிடும், சால்வெண்ட் மையோ, காய்ந்தபின் நீர் தாங்கும் பிக்மெண்ட் மையோ (நிறத்தூள் கலந்த மை) வேண்டும். கலர் பென்சிலுக்கு எந்த மையும் சரி, காய்ந்திருந்தால் போதும்.

கோட்டின்மேல் எம்பாஸிங் பவுடர் தூவி ஹீட் கன்னால் உருக்கி மூடிவிட்டால் கலங்காது என்று யாராவது சொல்வார்கள். தட்டையான கார்டுக்கு அது அருமையான யோசனை. இந்த வேலைக்கு வேண்டாம். உருகி இறுகிய கோடு பிளாஸ்டிக் மாதிரி. தாளை வளைக்கும்போது பொடிப்பொடியாக வெடித்து உதிரும்.

இன்னொன்று, கறுப்புக் கோடே வேண்டுமா என்று யோசியுங்கள். தட்டைப் படத்தில் கோடுதான் வடிவத்தைச் சொல்கிறது. இங்கே விளிம்பே வடிவத்தைச் சொல்லிவிடும், அதன்மேல் தடித்த கறுப்புக் கோடும் இருந்தால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது. வெளிர் சாம்பல், வெளிர் பழுப்பு மையில் அடித்துப் பாருங்கள். வண்ணம் ஏறியதும் கோடு உள்ளே அமுங்கிவிடும்.


அடுக்குமாடி:

கத்தரிமுனை அண்ணன் பிரமிடைச் சும்மா ஒரு வரியில் தள்ளிவிட்டார், நான் சண்டைக்கு வருகிறேன் :)

எல்லாப் படத்துக்கும் டோல் பொருந்தாது. வட்டக் கோலம், நட்சத்திரம், வடிவியல் பூ மாதிரி நடுவிலிருந்து விரியும் ஸ்டாம்ப்களை வளைத்தால் அதன் ஒழுங்கே கெட்டுவிடும். அங்கே துல்லியமான சம இடைவெளி, சமமாகக் குறுகும் துண்டுகள், அந்தக் கறாரான படிகள்தான் அழகு. ஃபோம் டேப் இல்லாமல் அந்தச் சமம் கிடைக்காது. டேப்புக்குப் பதில் சிலிகோன் பசையைப் பொட்டுப் பொட்டாக வைப்பவர்கள் உண்டு, அந்தப் பொட்டை நூறு தடவை வைத்தாலும் நூறு உயரம் வரும். பிறகு, ஃபோம் டேப் ஒட்டிய கணமே முடிந்தது. தபாலில் போகும் கார்டு என்றால் அழுத்தம் தாங்கும். சிலிகோனுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் குருவிக்கு நானும் டோல் பக்கம்தான். பிரமிடு பண்ணின பறவையைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.


கத்தரிமுனை:

அடுக்குமாடி, வடிவியல் படங்களுக்கு நீங்கள் சொல்வது நூறு சதம் சரி. ஒத்துக்கொண்டேன்.

ஃபோம் டேப் பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து. அதன் சமமான உயரமே உயிருள்ள படங்களுக்கு எமன். டேப் மேல் உட்கார்ந்த துண்டு நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். சிலிகோனில் ஒரு பக்கத்தை அழுத்தி மறுபக்கத்தைத் தூக்கி வைக்கலாம். இறக்கை தோள்பட்டையில் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், நுனி மட்டும் 4 மி.மீ. எழும்ப வேண்டும். டேப்பில் இதைச் செய்ய டேப்பைத் துண்டு துண்டாக அடுக்கிச் சிரமப்பட வேண்டும்.

இப்போது வளைப்பது எப்படி என்று சொல்கிறேன், நேற்று அதை விட்டுவிட்டேன்.

உருண்டை முனைக் கருவி ஒன்று வேண்டும், கூடவே ஒரு மெத்து. பழைய மவுஸ் பேட் போதும். துண்டை முகம் கீழாகக் கவிழ்த்து, பின்பக்கத்தில் உருண்டை முனையால் சிறு சிறு வட்டமாகத் தேய்த்தால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். குருவியின் வயிறு, தலை, மொட்டு எல்லாம் இப்படி. முகம் மேலாக வைத்து நடுவில் தேய்த்தால் குழிந்து, விளிம்புகள் எழும். இதழ்கள் இப்படி. ஒரே அழுத்தில் குத்தினால் தாளில் பள்ளம் விழும், கிழியவும் கிழியும். அழுத்தம் லேசாக, வட்டங்கள் நிறைய.

ஒரு இதழை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். ஐந்து இதழ் பூ என்றால் இரண்டு இதழ்களுக்கு நடுவே விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஒரு வெட்டு. மையம் வரை போகாமல் முன்பே நிறுத்துங்கள். இப்போது இதழ்கள் தனித்தனியாக அசையும். முகம் மேலாக வைத்து ஒவ்வொரு இதழின் நடுவிலும் தேய்த்துக் குழியாக்குங்கள். பிறகு பூவைக் கவிழ்த்து, இதழின் நுனி ஓரத்தை மட்டும் கருவியின் சிறிய முனையால் ஒரு இழுப்பு. நுனி வெளிப்பக்கமாக மடங்கும். கடைசியாக மறுபடி முகம் மேலாக்கி, பூவின் மையத்தில் ஒரே ஒரு நல்ல அழுத்து. ஐந்து இதழும் சேர்ந்து எழுந்து கிண்ணமாகும். அதன் உள்ளே உள் இதழ் துண்டை வைத்தால், இடையில் நுரையே இல்லாமல் பூ ஆழமாகிவிடும்.

இலைக்கு நடு நரம்பில் மழுங்கிய முனையால் ஒரு கோடு கீறி லேசாக மடித்து, இரண்டு பக்கத்தையும் எதிரெதிராகச் சுருட்டினால் போதும். வாலுக்கும் இறக்கை நுனிக்கும் இறகுக் கோடுகளின்மேல் வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லிய வெட்டுகள் போட்டு, ஒன்று விட்டு ஒன்றைச் சற்றுத் தூக்கி விடுங்கள்.


தாள்வாசி:

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தாள் என்ன என்று யாரும் கேட்கவில்லையே!

250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கார்டில் அடித்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. உருண்டை முனை மேலே வழுக்கிக்கொண்டு போகும், தாள் அசையாது. அடித்தளம் கனமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வெட்டி வளைக்கும் துண்டுகளுக்கு 120 முதல் 180 வரைதான். மார்க்கர் போட்டால் மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறித் தெரியும், பரவாயில்லை, பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். கெட்டிப் பூச்சு போட்ட பளபளப்புத் தாள் மட்டும் வேண்டாம், மடிக்கிற இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளை தெரியும்.

பனித்துளி, தாளின் இழையோட்டம் பார்த்தீர்களா? இயந்திரத்தில் செய்த எந்தத் தாளிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை ஒரு பக்கமாகவும் பிறகு மறுபக்கமாகவும் லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் எளிதாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும்போது உருளும் அச்சு எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் இழையோட்டம். நடு நரம்பு இழையோட்டத்தோடு போனால் இலை கத்தி மாதிரி மடியும். குறுக்கே போனால் மடிப்பில் பிசிறு வரும். வாலின் நுனியை மேல்நோக்கிச் சுருட்ட வேண்டுமென்றால் வாலுக்குக் குறுக்காக இழை ஓடுவது நல்லது. ஆகவே எல்லாப் பிரதியையும் தாளில் ஒரே திசையில் அடித்துக்கொண்டே போகாதீர்கள். சிலதைத் தாளைத் திருப்பி வைத்து அடியுங்கள். எந்தப் பிரதியில் எந்தத் துண்டு என்று வெட்டும் முன் முடிவு செய்துகொள்ளலாம்.

நீர் தாங்கும் மை என்றால் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டு வளைத்துப் பாருங்கள். ஈரத்தில் நார்கள் இளகி, காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நின்றுகொள்ளும். டை மைக்கு இந்த வித்தை கிடையாது, கலங்கிவிடும்.


பனித்துளி:

அடேயப்பா. நான் ஒரு சின்னச் சந்தேகம்தான் கேட்டேன், நீங்கள் எல்லோரும் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். நன்றி.

மை, மைவிரல் சொன்ன அதே சால்வெண்ட் வகைதான். தாள் 250 ஜிஎஸ்எம். தாள்வாசி கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார்.

இரண்டு கேள்வி. வெள்ளை விளிம்பை என்ன செய்வது? சிலிகோன் என்றால் கட்டட வேலைக்கு விற்பார்களே, அதேதானா?


கத்தரிமுனை:

வெள்ளை விளிம்பு: இரண்டு வேலை. முதலாவது, கத்தியை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து வெட்டுவது. பிடி படத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்து, முனை படத்தின் அடியில் நுழைகிற மாதிரி. அப்போது தாளின் அடிப்பகுதி உள்வாங்கியிருக்கும், முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு வெட்டு முகம் தெரியாது. கத்தரி பிடிப்பவர்களும் கையைக் கொஞ்சம் திருப்பிச் சாய்த்து வெட்டலாம். கத்தரியில் எப்போதுமே தாளைத்தான் திருப்ப வேண்டும், கத்தரி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தாடையின் உள்முனையால், நீள நீளமாக வெட்டினால் விளிம்பில் கோணல் விழாது.

இரண்டாவது, வெட்டியபின் பின்பக்கத்திலிருந்து விளிம்பை ஒட்டி மார்க்கரின் பக்கவாட்டை ஓட்டுவது. அந்தத் துண்டின் நிறமே, ஒரு படி அடர்த்தியாக. நிறம் தேடச் சோம்பலாக இருந்தால் நடுத்தரச் சாம்பல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கறுப்பு வேண்டாம், மைவிரல் சொன்ன கார்ட்டூன் கதை திரும்ப வந்துவிடும். இதை வளைப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

சிலிகோன் பற்றித் தாள்வாசியோ வேறு யாரோ சொல்லட்டும், நான் கைவினைக்கென்று விற்கும் குழாய்தான் வாங்குகிறேன்.


தாள்வாசி:

கட்டட வேலை சிலிகோனில் இரண்டு ஜாதி உண்டு. காயும்போது வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிற வகை. தாளுக்கு அமிலம் ஆகாது, அதுவும் வருடக்கணக்கில் சட்டத்துக்குள் இருக்கப்போகிற தாளுக்கு. 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அதில் அந்த நெடி இருக்காது. எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சில சிலிகோன் மெல்லிய தாளில் எண்ணெய் பட்ட மாதிரிக் கறை விடும், முதலில் துண்டுத் தாளில் ஒரு பொட்டு வைத்து மறுநாள் பாருங்கள்.

வைக்கும் முறை: நேரே குழாயிலிருந்து பிதுக்கினால் கைமீறிப் போகும். ஊசியில்லாத சிறிய சிரிஞ்சில் நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து வையுங்கள். பொட்டை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும். துண்டை இடுக்கியால் பிடித்து மேலே இறக்கி, தொட்டதும் விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் கட்டிய ஆழமெல்லாம் சப்பையாகிவிடும். பல நிமிடங்களுக்கு அது பிடித்துக்கொள்ளாது, அந்த நேரத்தில் முன்னே பின்னே நகர்த்தி, சாய்த்து, பக்கவாட்டிலிருந்து பார்த்துத் திருத்தலாம். அதற்காகத்தான் சிலிகோன். முழுதாக இறுக ஒரு நாள். ஒரு அடுக்கு ஓரளவு நின்றபிறகு அடுத்ததை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மேல் துண்டின் எடையில் கீழது ஒரு பக்கம் சரியும்.


மைவிரல்:

வண்ணம் பற்றி ஒன்று. ஐந்து பிரதிக்கும் ஒரே மாதிரி வண்ணம் தீட்டியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அடித்தளத்தை மங்கலாக, அடர்த்தியாகத் தீட்டுங்கள். மேலே வர வர வெளிச்சமும் தெளிவும் கூடட்டும். மேல் துண்டு மறைக்கப்போகிற இடத்தைச் சுற்றி அடித்தளத்தில் இருட்டாக்கி வைத்தால் 2 மி.மீ. இடைவெளி 5 மி.மீ. மாதிரி காட்டும்.

ஆனால் விழும் நிழலை வரையாதீர்கள். இறக்கையின் நிழலை உடல்மேல் வரைந்து வைத்தீர்கள் என்றால், விளக்கு மறுபக்கம் இருக்கும்போது உண்மையான நிழல் ஒரு பக்கமும் வரைந்த நிழல் ஒரு பக்கமும் விழும். அசிங்கமாக இருக்கும்.


பழைய ஏடு:

மைவிரல் சொன்ன வண்ண விஷயத்துக்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. மேரி டெலானி என்ற ஆங்கிலப் பெண்மணி, 1700இல் பிறந்தவர். 70 வயதைத் தாண்டியபிறகு 1770களில் வண்ணத் தாளை வெட்டி ஒட்டிச் செடிகொடிகளின் படம் செய்ய ஆரம்பித்தார். பார்வை மங்கி நிறுத்தும்வரை ஏறக்குறைய ஆயிரம் படங்கள், 985 என்று கணக்கு. இப்போது அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு பூவுக்கே நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒட்டியிருக்கிறார். ஸ்டாம்பும் இல்லை, ஃபோம் டேப்பும் இல்லை, எல்லாம் தட்டையாக ஒட்டியவை. ஆனாலும் பூ தாளைவிட்டு வெளியே நிற்கும். காரணம், பின்னணி முழுக்கக் கறுப்பு. அதன்மேல் இதழின் ஒவ்வொரு சாயலுக்கும் ஒவ்வொரு தாள்.

அச்சுப் படத்தை வெட்டி ஒட்டும் பழக்கம் அதற்கும் முந்தியது. கிழக்காசிய அரக்குச் சாமான்கள் மேல் ஐரோப்பாவில் மோகம் இருந்த காலத்தில், 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் மரச்சாமான்மேல் வண்ணம் தீட்டிய அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி, மேலே வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசி அந்த மினுக்கைக் கொண்டுவந்தார்கள். டிகூபாஜ் என்று இன்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். ரப்பர் ஸ்டாம்ப் இதில் சேர வெகுகாலம் ஆனது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1844இல்தான்.

சரி, நான் திசைதிருப்பிவிட்டேன். தொடருங்கள்.


நிழல்மரம்:

பேச்சின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பிரதி அடித்து, ஒவ்வொன்றும் சுத்தமாக வரவேண்டுமென்று மல்லுக்கட்டுவதற்குப் பதில் ஒன்றை ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்தால் என்ன? எல்லாப் பிரதியும் அச்சு அசலாக இருக்கும். நான் செய்யும் கார்டுகளைக் கொஞ்சம் விற்கிறேன், நேரம் மிச்சமாகும்.


அடுக்குமாடி:

விற்கிறீர்கள் என்றால் அங்கேதான் சிக்கல். ஸ்டாம்பின் படம் அதை வரைந்தவருக்கோ நிறுவனத்துக்கோ சொந்தம். பல ஸ்டாம்ப் நிறுவனங்கள் கையால் அடித்துச் செய்த கார்டை விற்க அனுமதிக்கின்றன, ஆனால் நகலெடுத்தோ ஸ்கேன் செய்தோ பெருக்குவதை அனுமதிப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை வேறு. சிலர் கார்டின் பின்னால் பதிப்புரிமை வரி அடிக்கச் சொல்வார்கள். ஸ்டாம்ப் வந்த உறையையோ அவர்களுடைய தளத்தையோ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பென்சில் அழிப்பான் மாதிரி மென்மையான ரப்பரில் நீங்களே செதுக்கிக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. அதில் படம் இடவலம் மாறி வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தாளில் பென்சிலால் வரைந்து ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் தானே மாறி இறங்கிவிடும்.


மைவிரல்:

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலைக்கே பிரிண்ட் சரிப்படாது. இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் போயிற்று. லேசர் பிரிண்டில் இருப்பது தாளின்மேல் உருகி ஒட்டிய தூள், வளைக்கிற இடத்தில் உதிரும்.

சுத்தமாக அடிக்க ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் மூடியில் ஒட்டியிருக்கும், தாள் காந்தத்தில் நிற்கும். மை சரியாகப் பிடிக்காத இடம் இருந்தால் மறுபடி மை தடவி அதே இடத்தில் இன்னொரு தடவை அழுத்தலாம். அது இல்லாதவர்கள் தாளுக்கு அடியில் மெல்லிய மெத்து வைத்து, ஸ்டாம்பை ஆட்டாமல் நேராக அழுத்தி, நேராக எடுங்கள். ஸ்டாம்ப் பேடை ஸ்டாம்பின் மேல் தட்டித் தட்டி மை ஏற்ற வேண்டும். ஸ்டாம்பைப் பேடில் குத்தினால் ஓரங்களில் மை அப்பிக்கொள்ளும்.

ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்ப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். அது மெத்தென்று இழுபடும். அக்ரிலிக் பிளாக்கில் (ஸ்டாம்பைப் பிடித்துக்கொள்ளும் கட்டை) ஒட்டும்போது கொஞ்சம் இழுத்து ஒட்டிவிட்டால் படமும் இழுபட்ட அளவில் விழும். அடுத்த தடவை கழற்றி ஒட்டி அடிக்கும்போது அளவு மாறும், அப்புறம் இறக்கை உடலோடு பொருந்தாது. ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாப் பிரதியையும் கழற்றாமல் ஒரே உட்காரலில் அடித்து முடித்துவிடுங்கள். சிவப்பு ரப்பரில் இந்தத் தொல்லை குறைவு.


நிழல்மரம்:

நன்றி இருவருக்கும். உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கையால் அடித்தால் மட்டும்தான் விற்கலாம் என்றே போட்டிருக்கிறது. பிளாட்ஃபார்ம் பக்கம் போகிறேன்.


பனித்துளி:

புதுக் குருவி தயார். 160 ஜிஎஸ்எம், சாம்பல் டை மை, மொத்தமே மூன்று உயரம். வயிறு புடைத்து வந்ததுமே ஆள் மாறிவிட்டது. பூதான் இன்னும் ஆச்சரியம், இரண்டு துண்டுதான், கிண்ணமாக நிற்கிறது. கிளைமேல் ஃபோம் டேப்பே வைக்கவில்லை, நீளவாக்கில் லேசாக உருட்டி இரண்டு முனையையும் அடித்தளத்தோடு ஒட்டிவிட்டேன். நடுவில் தானாகவே எழும்பிக்கொண்டது. இப்படிச் செய்யலாமா தெரியாது, நன்றாக இருக்கிறது.

இறக்கை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் சரி, பக்கத்திலிருந்து பார்த்தால் அடியில் இருக்கும் சிலிகோன் தெரிகிறது.

இதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடலாமென்று இருக்கிறேன். சாதாரணச் சட்டம் போதாது என்று தெரிகிறது. என்ன பார்த்து வாங்கணும்? பளபளப்பாக மேலே ஏதாவது பூசணுமா?


கத்தரிமுனை:

கிளைக்கு நீங்கள் செய்தது எனக்குத் தோன்றாத வழி, அடுத்த படத்தில் நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன். முனைகளை மறைக்க ஒரு இலையோ பூவோ வந்து உட்கார்ந்தால் போதும்.

இறக்கைக்கு: சிலிகோன் முழுசாக இறுகியிருந்தால் பிய்க்காதீர்கள், தாள் உரிந்து வரும். மெல்லிய கத்தியை இடையில் விட்டு சிலிகோனையே அறுத்து, பொட்டை உயரம் குறைத்து, கொஞ்சம் புதுச் சிலிகோன் வைத்து உட்கார வையுங்கள். பொட்டைத் தோள்பட்டைப் பக்கமாக நகர்த்தி வையுங்கள். இறக்கை வளைந்திருக்கிறது அல்லவா, நுனிக்குத் தாங்கலே வேண்டாம், தானே நிற்கும்.

சட்டம் என்றால் ஆழமான பெட்டிச் சட்டம். உங்கள் படத்தின் மிக உயர்ந்த இடத்தை அளந்துகொண்டு, அதற்கும் கண்ணாடிக்கும் இடையில் 5 மி.மீ.யாவது காலி இருக்கிற மாதிரி வாங்குங்கள். கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது தாள் கொஞ்சம் அசையும், தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும்.


தாள்வாசி:

மாட்டும் இடத்தையும் பாருங்கள். டை மையும் ஆல்கஹால் மார்க்கரும் வெயிலுக்கு நிற்காது, நேர் வெயில் விழும் சுவரில் நிறம் வெளுத்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நிழலான சுவர். நீண்ட நாள் இருக்க வேண்டிய படத்துக்கு அடுத்த தடவை பிக்மெண்ட் மையும் நல்ல கலர் பென்சிலுமாகப் போங்கள்.


மைவிரல்:

முழுப் படத்துக்கும் பளபளப்பு வேண்டாம். வார்னிஷ் பூசிப் பூசிப் பீங்கான் மாதிரி ஆக்குகிறவர்கள் உண்டு, அது ஒரு ருசி. உங்கள் சாம்பல் கோட்டு மென்மைக்கு அது ஒத்துவராது, மேலும் மார்க்கர் வண்ணத்தின்மேல் எது ஓடும் எது ஓடாது என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கண்ணில் மட்டும் ஒரு சொட்டு கெட்டியான பளபளப்புத் திரவம் வையுங்கள். அலகுக்கும் வைக்கலாம், ஆனால் இரண்டிலும் வைத்தால் பார்வை எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும், நான் கண்ணோடு நிறுத்துவேன். புட்டியைக் குலுக்காதீர்கள், குமிழி வந்துவிடும். முதல் சொட்டைத் துண்டுத் தாளில் விட்டுவிட்டு இரண்டாவதைக் கண்ணில் வையுங்கள், குமிழி இருந்தால் ஊசி நுனியால் உடனே உடைத்துவிடலாம். படத்தை மட்டமாகப் படுக்க வைத்தே காயவிடணும். நிமிர்த்தினால் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும்.


பனித்துளி:

கண்ணோடு நிறுத்துகிறேன். இறக்கையை நாளைக்கு அறுத்து உட்கார வைத்துவிட்டுப் படம் போடுகிறேன். அடுத்த ஸ்டாம்ப் ஒரு காளான் கூட்டம், குடையின் அடிப்பக்கம் கோடு கோடாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது. அந்த அடிப்பக்கத்தை அடித்தளத்தில் விடணுமா, மேலே எடுக்கணுமா?


கத்தரிமுனை:

அடிப்பக்கம் அடித்தளத்தில், நன்றாக இருட்டாகத் தீட்டுங்கள். குடையின் மேல்பகுதியை மட்டும் தனித்துண்டாக வெட்டி, கவிழ்த்துத் தேய்த்துப் புடைக்க வைத்து, பின்விளிம்பை ஒட்டி முன்விளிம்பைத் தூக்குங்கள். தண்டைத் தொடவே தொடாதீர்கள்.